குளிரில் நடுங்கிய சாமி

எங்கள் குருஜியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பயபக்தி ஒன்றும் இல்லை. அவருடைய சீடர்கள் இணையத்தில் ரொம்பச் சுறுசுறுப்பானவர்கள். போன மாதம் வரை அந்தச் சுறுசுறுப்பானவர்களில் நானும் ஒருவன். யாராவது அவரைப் பற்றிக் கோணலாக ஒரு வரி எழுதிவிட்டால் போதும், திருச்சியில் நான் வேலை பார்க்கும் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே அந்த ஆளைப் பரம்பரையோடு திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் ‘அன்புடன்’ என்று முடிப்பேன். எதிரே பாஸ்புக்கோடு நிற்கிறவர்கள் பாவம், நின்றுகொண்டே இருப்பார்கள்.

நான் இலங்கைக்குப் போக நேர்ந்தது இப்படித்தான். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குருஜியின் பெயரில் தியான மண்டபம் கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு அவரே வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் முழங்கால் வலி என்றார்கள். அதே வாரம் சிங்கப்பூர் நிகழ்ச்சிக்கு மட்டும் அந்த முழங்கால் ஒத்துழைத்தது. அதையெல்லாம் யோசிக்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை. அவருக்குப் பதிலாக அவருடைய பாதுகைகளை அனுப்புவது என்று முடிவாயிற்று. அடியார்களில் பாஸ்போர்ட் காலாவதியாகாமல் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் வீட்டில் சொன்னது, குருவருள் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று. “வரும்போது நல்ல தேயிலையா ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க” என்றாள் என் மனைவி. அவளுடைய ஆன்மிகம் அவ்வளவுதான்.

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். சந்தனப் பெட்டி, உள்ளே பட்டுத்துணி, அதற்குள் ஒரு ஜோடி மரப் பாதுகை.

“யாருடையது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“என் குருவினுடையது.”

“அவர் எங்கே?”

“வரவில்லை.”

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற தமிழர் ஒருவரிடம் என்ன சொன்னார்கள் என்று விசாரித்தேன். “ஆள் வராம செருப்பு மட்டும் வந்திருக்கே, செருப்புக்கு விசா இருக்கான்னு கேக்குறாங்க” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்நிய மண் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் மலைநாட்டு ரயில். நெரிசலில் எங்கள் ஊர்ப் பாசஞ்சருக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றேன். எதிர் இருக்கையில் இருந்த சிங்கள அம்மாள் ஒருவர், இது என்ன என்று சாடையில் கேட்டார். பாதத்தைக் காட்டி, வானத்தைக் காட்டி, கும்பிட்டும் காட்டினேன். சட்டென்று புரிந்துகொண்டு எழுந்து இடம் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு உட்காரப் போனேன். பதறிப்போய் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, பெட்டியை வாங்கி இருக்கையில் வைத்துத் தொட்டுக் கும்பிட்டார். இடம் கிடைத்தது செருப்புக்கு. நானும் அந்த அம்மாளும் அதன் இரண்டு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி நின்றுகொண்டு மலை ஏறினோம்.

வட்டவளை ஸ்டேஷனில் நல்ல மழை. கூடைக்காரர் ஒருவர் வடை கொண்டுவந்தார். நம்ம ஊர்ப் பருப்பு வடையேதான். ஆனால் ஒவ்வொன்றின் மேலும் ஓர் இறால் மீசையோடு படுத்திருந்தது. இறாலை எடுத்துவிட்டு வடையை மட்டும் தின்னலாமா என்று மனசாட்சியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பாதுகைக்கு முன்னால் எப்படி? அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு சங்கடமும் இல்லை, இரண்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த வாசனை ஹட்டன் வரை என்னைப் பாடாய்ப் படுத்தியது.

ஹட்டனில் சிவநேசன் மாஸ்டர் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நுவரெலியாவில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். குருஜியின் உரைகளை யூடியூபில் கேட்டு உருகி, அங்கே இங்கே அலைந்து அந்த மண்டபத்தைக் கட்டி முடித்தவர் அவர்தான். “வாங்கோ, வாங்கோ. பயணம் சுகமோ?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பிளாட்பாரத்து ஈரத்தில் நெடுஞ்சாண்கிடையாகப் பெட்டிக்கு முன் விழுந்துவிட்டார். பயணம் சுகமாக இருந்ததா என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

இலங்கைக்குப் போகிறோமே என்று, யூடியூபில் பார்த்து நான் யாழ்ப்பாணத் தமிழ் பயின்றிருந்தேன். தோட்டத்தில் வேன் நின்றதும் ஓடிவந்த பெண்களிடம் “ஓம், சுகமாயிருக்கிறன்” என்று எடுத்து விட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “என்னங்க, திருச்சியிலேர்ந்து வர்றீங்கன்னாங்க, மாஸ்டர் மாதிரி பேசுறீங்க?” என்றாள் ஒருத்தி. அவர்களுடைய முன்னோர்கள் எங்கள் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கப் போனவர்கள்; பேச்சு அப்படியே எங்கள் லால்குடிப் பக்கத்துப் பேச்சு. கடல் தாண்டி வந்து, லால்குடிக்காரர்களிடம் அசடு வழிந்தேன்.

ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை மாலை பாதுகையை ரோட்டிலிருந்து தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் வைப்பது. ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலிலிருந்து மண்டபத்துக்கு இன்னொரு ஊர்வலம், திறப்பு விழா. இரண்டுக்கும் தூக்குகிறவன் நான்.

“தலையிலை வைச்சுத்தான் கொண்டு வரவேணும். சேட்டு போடக் கூடாது. காலிலை செருப்பும் ஆகாது” என்றார் மாஸ்டர். அவர் கழுத்துவரை கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

திருச்சி உடம்பு என்னுடையது. மார்கழியில்கூட மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராது. பொகவந்தலாவையின் சாயங்காலத்தில், பனிமூட்டத்துக்கு நடுவே, வெற்றுடம்போடு, தலையில் பெட்டியோடு நான் நின்றேன். தப்பு முழங்கியது. லயங்கள் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார்கள். முதல் குடத்தில் பாதம் மரத்தது. இரண்டாவது குடத்தில் முழங்கால் ஆட ஆரம்பித்தது. அப்புறம் பல் தந்தியடித்தது. தோள், வயிறு, தொடை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்கின. தலையில் இருந்த பெட்டி கடகடவென்று சத்தம் போட்டது.

தப்பு நின்றது. ஒரு பெண் குலவையிட்டாள்.

கரகமோ காவடியோ சுமந்து வருகிறவரின் காலில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்திலும் உண்டு. இந்தத் தோட்டத்தில் அதோடு இன்னொரு வழக்கமும் இருக்கிறது. சுமக்கிறவர் உடம்பு நடுங்கினால் அருள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது யார் எதைக் கேட்டாலும், அவர் வாயில் வருவதுதான் வாக்கு. சுமையை இறக்கி வைத்துவிட்டால் பிறகு அவர் என்ன சொன்னாலும் அது வெறும் பேச்சு. இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரியும். அன்றைக்கு நான் கண்டது, எனக்கு முன்னால் கூட்டம் விலகியதும், கொழுந்து எடுத்துக் கறுத்த விரல்களோடு ஒரு பெண் கைகூப்பி நின்றதும்தான்.

“சாமி, மகளுக்கு நர்ஸ் ட்ரெயினிங் கெடைச்சிருக்கு. மட்டக்களப்புல. திங்கக்கெழம போய்ச் சேரணுமாம். அனுப்பட்டுமா, வேணாமா? மனசு கெடந்து அடிச்சுக்குது சாமி. நீங்க ஒரு வாக்குச் சொல்லுங்க.”

அவள் பெயர் மகேஸ்வரி. கூட்டம் மூச்சு விடாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வங்கியில் இத்தனை வருடமாக என் வாயை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் கேட்கவே வேண்டாம். ‘நான் சாமி இல்லையம்மா, படிப்பை விடாதீர்கள்’ என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த நொடியில் எனக்கு ஒன்று தோன்றியது. ‘சரி, அனுப்பு’ என்று சொல்ல யார் வேண்டுமானாலும் போதும். ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் ஒரு சாமி வேண்டும்.

“வேணாம்” என்றேன். குரல் குளிரில் கரகரத்துப் பிரமாதமாக வந்தது. “பொண்ணு உன் கூடவே இருக்கட்டும்.”

மகேஸ்வரி ஓவென்று அழுதபடி என் ஈரக்காலில் விழுந்தாள். அடுத்து ஒருத்தி வந்து பசு சினைபிடிக்குமா என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன். ஒருவர் வழக்கு ஜெயிக்குமா என்றார். பொறு என்றேன். கோயில் வாசல் வருவதற்குள் எனக்குப் பழகிவிட்டது.

எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்பவே பிடித்திருந்தது. கோயில் பக்கத்து அறையில் என்னை உட்காரவைத்துச் சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தார்கள். நான் தின்பதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் பாதி கடித்து வைத்த ரொட்டியை ஒரு பெண் எடுத்துப் பிய்த்து எல்லோருக்கும் பங்கு போட்டாள். எனக்குக் குமட்டியிருக்க வேண்டும். அடுத்த ரொட்டியில் கொஞ்சம் தாராளமாகவே மிச்சம் வைத்தேன்.

சனிக்கிழமை காலை உச்சி குளிர்ந்துபோய் எழுந்தேன். அறை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. கையில் பூவும் இல்லை, பழமும் இல்லை.

“நீங்கதானே நேத்து நடுங்குனது?”

“ஆமாம்மா” என்றேன், அருள் ஒழுகும் குரலில்.

“குளிருலதானே?”

தோளில் கிடந்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“நான் நிரோஷா. மகேஸ்வரி மக. நேத்து நீங்க வேணாம்னீங்களே, அந்தப் பொண்ணு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிச் சமாளித்திருப்பேன். விஷயத்தை மட்டும் சொன்னாள். ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறினால்தான் திங்கள் காலை போய்ச் சேரலாம். போகாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு அடுத்த வாய்ப்பு என்று ஒன்று இல்லை.

“நேத்து வரைக்கும் அம்மாவுக்கு அரை மனசுங்க. ஒரு நேரம் அழுவும், ஒரு நேரம் சரி போயிட்டு வான்னும். பேக்குல துணியெல்லாம் அதுதான் மடிச்சு வச்சுச்சு. நேத்து கோயில்லேருந்து வந்து அத்தனையும் எடுத்து மறுபடி கொடியில போட்டிருச்சு. நான் சொன்னா கேக்காது. டீச்சர் வந்து சொன்னாங்க, கேக்கல. யாரோ ஊர் பேர் தெரியாத ஆளு நடுங்கிக்கிட்டே சொன்னா கேக்குது.”

“நானே போய்ச் சொல்லிடுறேம்மா. நான் சாமி இல்லைன்னு சொல்லிட்டா முடிஞ்சுது.”

“மலையில கொழுந்து எடுக்குது. போய்ச் சொல்லிப் பாருங்க” என்றாள். அந்த ‘சொல்லிப் பாருங்க’வில் கொஞ்சம் கிண்டல் இருந்தது.

அங்கே மலை என்றால் தேயிலைக் காடு. கீழிருந்து பார்க்கையில் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. ஏறும்போதுதான் அது செங்குத்து என்று தெரிந்தது. இரண்டு முறை சறுக்கி உட்கார்ந்தேன். எங்கள் மலைக்கோட்டைக்காவது படி உண்டு. பெண்கள் முதுகில் கூடையோடு அந்தச் சரிவில் வீட்டு முற்றத்தில் நடப்பது மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க மகேஸ்வரிக்கு முன்னால் போய் நின்றேன்.

“அம்மா, நான் சாமி இல்லை. பேங்க்ல வேலை பாக்குற ஆளு.”

“தெரியுங்க சாமி. முருகனே ஆண்டியாத்தானே நின்னாரு.”

“நேத்து நடுங்கினது குளிர்ல.”

“குளிரும் ஆத்தா குடுக்குறதுதானுங்களே.”

“நான் சொன்னதுக்கு அர்த்தமே கிடையாது. வாயில வந்ததைச் சொன்னேன்.”

“அதைத்தாங்க நாங்க வாக்குன்னு சொல்றது” என்றாள் மகேஸ்வரி, குழந்தைக்கு விளக்குவது போல.

அதற்குள் பக்கத்துத் தேயிலை நிரையில் இருந்த ஒருத்தி வீரிட்டாள். குனிந்து பார்த்தேன். என் இரண்டு கால்களிலும் அட்டைகள் குடும்பம் குடும்பமாகத் தொங்கின. ரத்தம் பாதம் வரை வடிந்திருந்தது. அட்டை கடித்தால் வலிக்காது, அதனால் தெரியாது, அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தப் பெண், “ரத்தம் இம்புட்டு ஓடுது, சாமி அசையவே இல்ல பாருங்கடி!” என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். பத்துப் பதினைந்து பேர் கூடையோடு கும்பிட்டார்கள். சாமி இல்லை என்று சொல்ல மலை ஏறியவன், ஏறியதைவிடப் பெரிய சாமியாக இறங்க வேண்டியதாயிற்று.

இறங்குவதற்கு முன் மகேஸ்வரி என் காலில் உப்புத் தேய்த்து அட்டைகளை உதிர்த்துவிட்டாள். கையில் வேலை இருந்ததாலோ என்னவோ, அப்போதுதான் மனசுவிட்டுப் பேசினாள்.

“அவ அப்பா கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனவருங்க. தீவாளிக்கு வருவாரு, பொங்கலுக்கு வருவாரு. இவளும் போயிட்டா லயத்துல நான் யாரோட பேசுறது? படிச்சுப் பெரியாளானா அப்புறம் இங்க வருமா? அத வெளிய சொன்னா, புள்ள படிப்பக் கெடுக்குறா பாருன்னு என்னைத் திட்டுவாங்க. சாமியே வேணாம்னுட்டீங்க. இப்ப யாரும் என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மனசு லேசாயிருச்சு.”

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சாக்கு. பாதுகையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் அதைக் கொடுத்துவிட்டு, ரொட்டி தின்றிருக்கிறேன். எட்டு வருடமாகக் குருஜியிடம் நானும் இதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன் என்று அந்த உப்பு எரிச்சலில் உறைத்தது. வேலை மாற்றம் கேட்கப் பயமாக இருந்தது. அவர் ‘இருக்கும் இடமே தவம்’ என்றார், இருந்துவிட்டேன். தம்பியோடு சமாதானம் பேச வெட்கமாக இருந்தது. அவர் ‘பற்றை அறு’ என்றார், அறுத்துவிட்டேன்.

கீழே வந்ததும் குருஜியின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். என் இந்திய சிம்முக்குக் கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறையின்மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அவருடைய செயலாளர் எடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். குருஜியிடம் கேட்டுச் சொல்வதாகக் காத்திருக்க வைத்தார். பாறையில் நின்றபடி அரைமணி நேரம் போலக் காத்துக்கிடந்தேன்.

“குருஜி சிரிச்சாருங்க” என்று திரும்பி வந்து சொன்னார்.

“சிரிச்சார்னா?”

“சிரிச்சார்னா சிரிச்சாரு. நீங்கதான் புரிஞ்சுக்கணும்.”

“பொண்ணை அனுப்பலாமா, கூடாதா? அது ஒண்ணைக் கேட்டுச் சொல்லுங்களேன்.”

“பாதுகை சொன்னதை மாத்தினா அங்க மண்டபம் நிக்காதுங்க. ஜனங்க நம்பிக்கை என்னாகறது? அந்தப் பொண்ணுக்கு விதிச்சது அதுதான்னு வச்சுக்கோங்களேன்” என்று இணைப்பைத் துண்டித்தார். முன்பெல்லாம் குருஜியின் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க வாட்ஸப் குழுவில் விளக்கவுரை எழுதுவேன். அன்றைக்கு எனக்கு வந்தது வெறும் ஆத்திரம். அவர் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மாஸ்டரிடம் போனேன். நல்ல மனிதர்தான், கேட்டதும் முகம் வாடியது. “பிள்ளையிலை எனக்கும் இரக்கம்தான் ஐயா. படிக்கிற பிள்ளை. ஆனால் நாளைக்கு விழாவிலை போய் நீங்கள் மாத்திச் சொன்னால் சனம் குழம்பிப் போகுமெல்லே. நாலு வருஷமா அலைஞ்சு கட்டின மண்டபம். கொஞ்சம் யோசியுங்கோ” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கணக்கு வாத்தியார், ஒரு பெண்ணின் படிப்பையும் ஒரு மண்டபத்தையும் தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிரோஷா கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். என் காலில் இருந்த ரத்தக் கறையைப் பார்த்தாள். “எடுபடலியா?” என்றாள்.

“இல்லம்மா.”

“எடுபடாது. சுமைய எறக்கிட்டீங்கல்ல. இப்ப நீங்க சொல்றது வெறும் பேச்சு.” வழக்கத்தை அவள்தான் எனக்கு விளக்கினாள். பிறகு சொன்னாள்: “நாளைக்கு மறுபடி தூக்குவீங்கல்ல? அப்ப சொல்லுங்க. தலையில வச்சிருக்கையில, தண்ணி ஊத்துறப்ப. ஆனா நடுங்கணும். நடுங்காம சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

“அது ஏமாத்து வேலை இல்லையாம்மா?”

“நேத்து பண்ணது?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் நேரம், வெயில். முதல்முறையாகப் பனிமூட்டம் விலகி, மலையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இதமான வெயில் முதுகில் அடித்தது. இரண்டு நாளாக இந்த வெயிலுக்காக ஏங்கியவன் அன்றைக்கு அதைச் சபித்தேன். பெட்டி தலைக்கு ஏறியது. தப்பு முழங்கியது. மாஸ்டர் எனக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி போனில் நேரலை ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்; திருச்சியில் குருஜியின் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள். உடம்பு குத்துக்கல் மாதிரி அசையாமல் நின்றது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு நிரோஷா வந்தாள். இடுப்பில் பெரிய குடம். மலை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்து விழும் இடத்தைப் பீலி என்கிறார்கள். நேராக அங்கிருந்து பிடித்து வந்திருக்கிறாள். எல்லோரும் காலில் ஊற்றினார்கள். அவள் என் முழங்காலுக்கு மேலே சேர்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கொட்டினாள். பழைய பாக்கி முழுவதையும் தீர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. எலும்பு வரை சில்லிட்டது. ஆனாலும் நடுக்கம் வரவில்லை. வேறு வழியில்லாமல் நானாகவே நடுங்கினேன். தோளைக் குலுக்கினேன், பல்லைக் கடகடத்தேன், பெட்டியை ஆட்டினேன். நிஜமாக நடுங்கியதைவிட இது நன்றாகவே இருந்திருக்க வேண்டும். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

“மகேஸ்வரி!” என்று கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து நின்றாள்.

“பொண்ணை அனுப்பு. இன்னைக்கே அனுப்பு.”

தப்பு சட்டென்று நின்றது. மாஸ்டர் போனைத் தாழ்த்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மகேஸ்வரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பக்தியைத் தாண்டி ஏதோ ஒன்று அவள் கண்ணில் வந்தது.

“அன்னைக்கு வேணாம்னீங்களே சாமி? இதே பெட்டியச் சொமந்துக்கிட்டுத்தானே சொன்னீங்க?”

நியாயமான கேள்வி. ஒரு குருவிடம் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ‘அன்றைக்குப் பொய் சொன்னேன், இன்றைக்கு நடிக்கிறேன், ஆனால் இன்றைக்குச் சொல்வதுதான் சரி’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் நிரோஷாவின் பஸ் போய்விடும். எனக்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படவில்லை. குருஜி சொன்னது பலிக்காமல் போகும் போதெல்லாம் எங்களிடம் சொல்வாரே, அதே வார்த்தை என் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

“அன்னைக்கு உன்னைச் சோதிச்சேன்.”

அவ்வளவுதான். மகேஸ்வரியின் முகம் மலர்ந்தது. பின்னால் யாரோ “ஆத்தா!” என்றார்கள். தப்பு மறுபடி முழங்கியது. இவ்வளவு சுலபமா! இந்த ஒற்றை வார்த்தையை நம்பி நானும் எத்தனையோ தடவை அழுது விழுந்திருக்கிறேன்.

அந்த நேரலையைப் பார்த்துவிட்டு, நான் ஊர் திரும்புவதற்குள் குருஜியின் எல்லாக் குழுக்களிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள். பாதுகையை வைத்து நான் தனிக்கடை போடப் பார்த்தேனாம். அது பெரிய விஷயமில்லை.

அன்றைக்கு அங்கே, மகேஸ்வரி என் காலில் விழுந்தாள். அழுதுகொண்டே, “புள்ள நல்லபடியாப் போயிட்டு வரணும் சாமி, எங்களை மறந்திரக் கூடாதுன்னு சொல்லுங்க சாமி” என்றாள். எழுந்தவள், நிரோஷாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “விழுடி. கும்புட்டுக்கடி. சாமி கண்ணத் தொறந்திருச்சு.”

நிரோஷா என்னைப் பார்த்தாள். இந்தக் கூட்டத்தில் நான் யார் என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அவள். ஒரு கணம் விழ மாட்டாள் என்று நினைத்தேன்; விழாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். அம்மாவின் கை அவள் தோளை விட்டு எடுபடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முட்டி போட்டாள். அப்புறம் அந்தச் சேற்றுத் தண்ணீரில், என் காலடியில், நெற்றி தரையில் படும்படி விழுந்தாள்.

எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. நிஜமாகவே கூசியது. அப்படிக் கூசிக்கொண்டிருக்கும்போதே என் வலது கை பெட்டியை விட்டுத் தானாகக் கீழே வந்து, விரல்களை விரித்து, அவள் தலைக்கு மேலே ஆசீர்வாதமாக நின்றது. நான் அதை நிறுத்தச் சொல்லவில்லை. அது எவ்வளவு நேரம் நின்றது என்றும் தெரியவில்லை.

எழுந்திருக்கும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி நிரோஷா சொன்னாள்:

“அதான் சொல்லியாச்சுல்ல. கைய எடுங்க.”